திறந்தவெளியில் நிற்கும் பழைய விமானத்தைப் படமெடுப்பது எப்படி?

புத்தூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வரும் டிசம்பரில் அவர் விசாகப்பட்டினம் செல்லவிருக்கிறார். அங்கே கடற்கரைச் சாலையில் நிற்கும், நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடப் பயன்பட்ட டியூ-142 என்ற கடற்படை விமானத்தை நல்ல முறையில் படமெடுக்க விரும்புகிறார். கையில் ஒரு சாதாரண டிஎஸ்எல்ஆர் காமிரா, அதனோடு வந்த 18-55 லென்ஸ், ஒரு கைபேசி ஆகியவை இருக்கின்றன. சில மாதங்களுக்கு முன் பெங்களூரு எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) அருங்காட்சியகத்தில் எடுத்த படங்களில் வானம் வெள்ளைத் தாளைப் போல வெளுத்துவிட்டது. விமானமோ கறுத்து, மூக்கு பெருத்து, வால் சிறுத்துப் பொம்மையைப் போல வந்திருக்கிறது. எங்கே தவறினேன், வேறு லென்ஸ் வாங்க வேண்டுமா என்பது அவருடைய கேள்வி.

தம்பி, லென்ஸ் வாங்க வேண்டாம். உங்கள் கையில் இருப்பதே போதும். தவறு நீங்கள் நின்ற இடத்திலும், சென்ற நேரத்திலும், எல்லாவற்றுக்கும் மேலாக, எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்துகொள்ளாமல் காமிராவை எடுத்ததிலும் இருக்கிறது. விமானத்தின் எந்த உறுப்பு எந்த வேலைக்காக அமைந்தது என்று தெரிந்துவிட்டால், அதை எங்கிருந்து பார்க்க வேண்டும் என்பது தானாகவே விளங்கும். நான் இத்தனை ஆண்டுகளில் கற்றது இது ஒன்றுதான். நேரம், ஒளி, எக்ஸ்போஷர் (படத்தில் பதியும் ஒளியின் அளவு) எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

இந்த விமானத்தைப் பற்றி எழுதுவதற்கு எனக்குத் தனிப்பட்ட காரணம் ஒன்றும் உண்டு. நான் நகரிக்குப் பக்கத்தில் ஏகாம்பரகுப்பத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன். பகல் முழுவதும் தெருவில் தறிச் சத்தம் ஓயாது. மின்சாரம் நின்றால் மட்டும் ஊர் சட்டென்று அமைதியாகிவிடும். அப்படி ஓய்ந்திருக்கும் நேரங்களில் நகரி மூக்குமலைப் பக்கத்திலிருந்து அடிவயிற்றில் அதிர்வதைப் போன்ற ஒரு முழக்கம் கேட்கும். பெரியப்பா வாசலுக்கு வந்து கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு, "அரக்கோணத்து விமானம்" என்பார். அது டியூ-142. 1988-இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்து, முதலில் கோவாவிலிருந்தும் 1992 முதல் அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளி தளத்திலிருந்தும் பறந்த விமானம். 2017 மார்ச் 29 அன்று அரக்கோணத்தில்தான் அதற்கு விடைகொடுத்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் ஒரு விமானம் விசாகப்பட்டினத்துக்குப் பறந்து சென்று இறங்கியது; அங்கே அதைப் பகுதி பகுதியாகக் கழற்றிக் கடற்கரைச் சாலைக்குக் கொண்டுவந்து மீண்டும் பொருத்தினார்கள். டிசம்பரில் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. ஆகவே நீங்கள் பார்க்கப் போவது நம் பக்கத்து வானத்தில் ஓடித் திரிந்த வண்டி என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பொம்மைத் தோற்றத்தை எடுத்துக்கொள்வோம். இதைப் பெரும்பாலோர் லென்ஸின் குறை என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது தூரத்தின் விளைவு. டியூ-142-இன் நீளம் சுமார் 53 மீட்டர், இறக்கைகளின் அகலம் சுமார் 50 மீட்டர். அதன் மூக்கிலிருந்து 20 மீட்டர் தள்ளி, சற்று முன்பக்கமாக நின்றால், வால் உங்களிடமிருந்து ஏறக்குறைய 70 மீட்டர் தூரத்தில் இருக்கும். அதாவது மூக்கை விட வால் மூன்றரை மடங்கு தொலைவில் இருக்கிறது. படத்தில் அந்த அளவுக்கே சிறுத்துத் தெரியும். நீங்கள் 60 மீட்டர் தள்ளி நின்றால் அந்த வேறுபாடு இரண்டு மடங்குக்கும் கீழே வந்துவிடும். விமானம் அதன் உண்மையான உருவத்தோடு நிற்கும். லென்ஸை 18 மில்லிமீட்டரில், அதாவது மிக அகலமாகக் காட்டும் முனையில், வைத்துக்கொண்டு அருகில் சென்று முழு விமானத்தையும் திணிப்பதற்குப் பதிலாக, கால்களால் பின்னால் நடந்து 35-இலோ 55-இலோ எடுக்க வேண்டும்.

இதற்கு எவ்வளவு இடம் தேவை என்பதையும் கணக்கிட்டுக்கொள்ளலாம். உங்கள் காமிராவின் சென்சார் அகலம் சுமார் 23 மில்லிமீட்டர். விமானத்தை நேர்ப் பக்கவாட்டில், மூக்கு முதல் வால் வரை சட்டத்துக்குள் அடக்க வேண்டுமானால் 18-இல் 41 மீட்டரும், 35-இல் 80 மீட்டரும் தள்ளி நிற்க வேண்டும். அருங்காட்சியக வளாகத்துக்குள் அந்த இடம் கிடைக்காது. எனவே முழு உருவப் படத்துக்கு நீங்கள் வெளியே வர வேண்டும். விமானம் சாலையின் நிலப்புறத்தில் நிற்கிறது. எதிரே கடற்புறத்தில் ஐஎன்எஸ் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல் 2002 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. கடற்புறத்து நடைபாதைக்குச் சென்று சாலையின் குறுக்காகப் பாருங்கள். விளக்குக் கம்பமும் கம்பியும் குறுக்கிடும் என்பது உண்மைதான். இரண்டடி இடப்புறமும் இரண்டடி வலப்புறமும் நகர்ந்து பார்த்து, கம்பம் இறக்கையையோ வாலையோ வெட்டாமல், உடலின் வெறும் பகுதியின் மேலோ விமானத்துக்கு வெளியிலோ விழும் இடத்தைத் தேடிப் பிடியுங்கள்.

விடியற்காலையிலேயே செல்லுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் வண்டிகள் குறைவு என்பது மட்டுமன்று. அந்தக் கடற்கரை ஏறத்தாழத் தென்கிழக்கைப் பார்த்திருக்கிறது. டிசம்பரில் சூரியன் கிழக்கிலிருந்து தெற்கே நன்றாகத் தள்ளி உதிப்பதால், கடலிலிருந்து வரும் முதல் ஒளி ஏறக்குறைய நேராகச் சாலையின் குறுக்கே பாய்ந்து விமானத்தின் மீது விழுகிறது. ஜூன் மாதத்தில் அதே சூரியன் வடகிழக்குப் பக்கமாக உதித்துக் கரையை ஒட்டிச் சாய்வாக வரும். அப்போது அந்த முகப்பு ஒளி கிடைக்காது. தவிர, விசாகப்பட்டினம் கடக ரேகைக்குத் தெற்கே இருப்பதால் ஜூனில் நண்பகல் சூரியன் தலைக்கு மேல், சற்று வடக்கே நிற்கும். இறக்கைக்குக் கீழே கன்னங்கரிய நிழல்தான் மிஞ்சும். டிசம்பரில் நண்பகலிலும் சூரியன் தெற்கு வானத்தில் ஐம்பது பாகைக்கும் கீழேயே நிற்பதால், விமானத்தின் தென்புறம் பகல் முழுவதும் ஓரளவு ஒளியோடு இருக்கும். நீங்கள் தேர்ந்தெடுத்த மாதம் மிகச் சரியானது. ஆறு மணிக்கே அந்த நடைபாதையில் நின்றுவிடுங்கள்; சூரியன் எழுந்த பிறகு அரை மணி நேரம் கிடைக்கும் மஞ்சள் ஒளி, அந்தச் சாம்பல் நிற உடலுக்குத் தரும் உயிரை வேறு எந்த நேரமும் தராது.

நான் முதன்முதலில் அங்கே சென்றது ஒரு கோடைக்காலத்தில், நடுப்பகலில். ரயிலிலிருந்து இறங்கிய வேகத்தில் நேரே சென்று இருநூறுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தேன். ஊருக்கு வந்து பார்த்தபோது ஒன்றுகூட வைத்துக்கொள்ளும்படி இல்லை. கடலோரத்து ஈரப்பதம் வானத்தை வெள்ளையாக்கியிருந்தது. உடலின் மேற்பகுதி வெளுத்தும் கீழ்ப்பகுதி இருண்டும் கிடந்தன. சிறுவயதில் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்த அந்தப் பெருமை எந்தப் படத்திலும் இல்லை. அந்த வருத்தம்தான் என்னை மறுமுறை ஒழுங்காகப் படித்துவிட்டுப் போக வைத்தது.

அப்படிப் படித்ததில் எனக்கு மிகவும் பயன்பட்டது புரொப்பெல்லரைப் பற்றிய செய்தி. இந்த விமானத்தின் நான்கு என்ஜின்களும் என்கே-12 வகையைச் சேர்ந்த டர்போபிராப்கள் (டர்பைனால் புரொப்பெல்லரைச் சுழற்றுபவை); ஒவ்வொன்றும் சுமார் 15,000 குதிரைத்திறன் கொண்டது. அவ்வளவு திறனை ஒரே புரொப்பெல்லர் வாங்கிக்கொள்ள வேண்டுமென்றால் அதன் விட்டம் தரையைத் தட்டும் அளவுக்குப் பெரிதாகிவிடும். அதனால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு புரொப்பெல்லர்களை, ஒவ்வொன்றிலும் நான்கு இதழ்களோடு, எதிரெதிர்த் திசையில் சுழலும்படி அமைத்தார்கள். முன் வரிசை பின்னுக்குத் தள்ளும் காற்று திருகிக்கொண்டே செல்லும். பின் வரிசை அந்தத் திருகலை நேராக்கி, வீணாகப் போகும் ஆற்றலையும் உந்துவிசையாக மாற்றுகிறது. ஒரு வரிசை விமானத்தை ஒரு பக்கம் முறுக்கப் பார்த்தால், மறு வரிசை அதைச் சமன்செய்கிறது. இதழ்களின் நுனி ஒலியின் வேகத்தையும் கடந்து சுழன்றதால்தான் எங்கள் ஊர் வாசலில் அந்த முழக்கம் கேட்டது.

இதைத் தெரிந்துகொண்டு என்ஜினுக்கு முன்னால் போய் நில்லுங்கள். நேர் எதிரே நின்றால் எட்டு இதழ்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, எது முன் எது பின் என்று தெரியாத குழப்பமாக இருக்கும். அப்படியே மெல்ல ஒரு பக்கமாக நகருங்கள். முப்பது, நாற்பது பாகை வரும்போது இரண்டு வரிசைகளும் பிரிந்து, நடுவே ஓர் இடைவெளி திறக்கும். அப்போது பார்த்தால் முன் வரிசை இதழ்களின் முறுக்கு ஒரு பக்கமாகவும், பின் வரிசையின் முறுக்கு அதற்கு எதிர்ப்பக்கமாகவும் இருப்பது தெளிவாகத் தெரியும். அந்த இயந்திரத்தின் அறிவு முழுவதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. சூரியன் பக்கவாட்டில் இருக்கும் நேரமானால் ஓர் இதழின் முகம் ஒளியிலும் அடுத்ததன் முகம் நிழலிலும் விழுந்து, முறுக்கு இன்னும் அழுத்தமாக வரும். 55-இல் வைத்து, லென்ஸின் துளையை எஃப்/8-இல் வைத்து எடுத்தால் இரண்டு வரிசைகளும் தெளிவாக இருக்கும். ஒவ்வொரு புரொப்பெல்லரின் விட்டமும் 5.6 மீட்டர், ஆளின் உயரத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அதை உணர்த்த, கீழே யாராவது ஒருவர் நடந்து செல்லும் வரை காத்திருங்கள். ஆள் இல்லாத படத்தில் அது மேசை விசிறி அளவாகத்தான் தோன்றும்.

வாலும் இப்படித்தான். செங்குத்து வாலின் உச்சியிலிருந்து பின்னோக்கி ஒரு கம்பு நீண்டிருப்பதைக் காண்பீர்கள். அது அலங்காரமன்று. கடலுக்குள் கிடக்கும் நீர்மூழ்கிக் கப்பலின் எஃகு, பூமியின் காந்தப்புலத்தில் ஏற்படுத்தும் மிகச் சிறு மாற்றத்தை உணரும் கருவி அதற்குள் இருக்கிறது. விமானத்தின் சொந்த உலோகம் அதைக் குழப்பிவிடக் கூடாது என்பதற்காகவே உடலிலிருந்து இயன்ற அளவு தள்ளி வைத்திருக்கிறார்கள். ஆகவே வாலைப் படமெடுக்கும்போது அந்தக் கம்பு வெறும் வானத்தின் மீது தனித்துத் தெரியும்படி நில்லுங்கள். பின்னால் இருக்கும் கட்டடத்தின் சுவரோடு அது கலந்துவிட்டால் படத்துக்குப் பொருளே இல்லை. எல்லோரும் முன்பக்கத்தை எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை இந்த விமானத்தின் கதையைச் சொல்வது பின்பக்கம்தான்.

விமானத்துக்கு விமானம் இது மாறும். கோவாவில் 1998-இல் திறக்கப்பட்ட கடற்படை விமான அருங்காட்சியகத்தின் திறந்தவெளியில் ஒரு சூப்பர் கான்ஸ்டலேஷன் நிற்கிறது. ஏர் இந்தியாவில் பயணிகளைச் சுமந்து, பிறகு விமானப்படைக்குப் போய், 1976-இல் கடற்படைக்கு வந்தது அந்த வகை. அதன் உடல் மீனைப் போல வளைந்தது; வாலில் மூன்று துடுப்புகள். அதை முன்பக்கமிருந்து எடுத்தால் அந்த வளைவு மறைந்துவிடும்; நேர்ப் பக்கவாட்டில் நின்றால்தான் முதுகும் வயிறும் சேர்ந்து வளையும் கோடு கிடைக்கும். பெங்களூரில் நீங்கள் பார்த்த மாருத், 1961-இல் முதன்முதலாகப் பறந்த நம் நாட்டுப் போர்விமானம். குர்ட் டாங்க் என்ற ஜெர்மானிய வடிவமைப்பாளரின் தலைமையில் எச்.ஏ.எல். உருவாக்கியது. மெலிந்த, கூரிய அந்த உடலை இடுப்பு உயரத்துக்குக் காமிராவைத் தாழ்த்தி, தரையோடு தரையாகப் பார்த்தால் அதன் விரைவு தெரியும். அங்கே மர நிழல் புள்ளி புள்ளியாக உடலின் மேல் விழுவது பெரிய தொல்லை. அதற்கு ஒரே மருந்து, மேகம் மூடிய நாளில் போவதுதான். உங்களுக்கு ஓய்வு இருந்தால் விசாகப்பட்டினம் செல்லும் முன் ஒருமுறை பெங்களூருக்கு மீண்டும் போய் இதையெல்லாம் பழகிப் பாருங்கள்.

வானம் வெளுத்து விமானம் கறுப்பதைப் பற்றிச் சொல்கிறேன். காமிராவுக்குள் ஒளியை அளக்கும் மீட்டர், தான் பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பலாக்க முயலும். சட்டத்தில் முக்கால் பங்கு வெளிறிய வானமாக இருந்தால், அது வானத்தைச் சாம்பலாக்கப் பார்த்து விமானத்தை இருட்டில் தள்ளிவிடும். அப்போது எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ஒரு ஸ்டாப் (ஒளியை இரண்டு மடங்காக்கும் அளவு) கூட்ட வேண்டும். பின்னணியில் இருண்ட மரங்கள் இருந்தால் இதற்கு நேர்மாறாக, வெளிர்நிற உடல் வெளுத்துவிடும். அங்கே முக்கால் ஸ்டாப் குறைக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் இப்படி மாற்றிக்கொண்டிருப்பதை விட, மேனுவலில் வைத்துவிடுவது நல்லது. தெளிந்த வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 100, எஃப்/8, ஷட்டர் 1/500 என்று தொடங்குங்கள். அதிகாலை ஒளிக்கு 1/125 வரை இறங்க வேண்டியிருக்கும். ஒளியின் பரவலைத் திரையில் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலப்புறச் சுவரில் முட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஒளி மாறாத வரை விமானத்தைச் சுற்றி எங்கே நின்றாலும், வெயில் விழும் பக்கத்துக்கு அதே அளவு பொருந்தும். கட்டாயம் ரா ஃபைலாகவும் (காமிரா பதப்படுத்தாத மூலப் பதிவு) பதிவு செய்யுங்கள்.

ஆனால் வெள்ளை வானத்தை எந்த அமைப்பாலும் நீலமாக்க முடியாது. அப்படிப்பட்ட நாளில் முழு விமானத்தை விட்டுவிட்டு, வானமே வராத நெருங்கிய படங்களுக்குப் போய்விடுங்கள். மேகமூட்டம் நிழலை மென்மையாக்குவதால் சக்கரங்கள், என்ஜின் கூடு, எழுத்துகள் ஆகியவற்றுக்கு அது உகந்த ஒளி.

லென்ஸின் முன் பொருத்தும் போலரைசர் ஃபில்டர் பற்றிப் பலர் ஆலோசனை சொல்வார்கள். சூரியனுக்குச் செங்கோணத்தில் இருக்கும் வானத்தை அது ஆழ்ந்த நீலமாக்கும். பெயிண்ட் பூசிய பரப்பிலும் கண்ணாடியிலும் பளபளப்பைக் குறைக்கும். வெறும் அலுமினியத்தின் பளபளப்பை மட்டும் அது தொடாது, ஏனென்றால் உலோகம் ஒளியை வேறு விதமாகத் திருப்புகிறது. 18-இல் வைத்துப் போலரைசரைப் போட்டால் வானத்தின் ஒரு பகுதி கருநீலமாகவும் மற்றொரு பகுதி வெளிறியும் திட்டுத்திட்டாக வரும். உங்களிடம் இல்லாவிட்டால் இந்தப் பயணத்துக்காக வாங்க வேண்டியதில்லை.

இப்போது உடலின் தோலுக்கு வருவோம். நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான். காலையில் சூரியன் இன்னும் தாழ்ந்திருக்கும்போது, ஒளி உடலை உராய்ந்துகொண்டு போகும் பக்கத்தில் நின்று பாருங்கள். தூரத்திலிருந்து மழமழவென்று தெரிந்த பரப்பு, அருகில் துணியைப் போல அலையலையாக இருப்பது தெரியும். மெல்லிய அலுமினியத் தகடுகளை உள்ளே இருக்கும் எலும்புச் சட்டங்களின் மீது ரிவெட் ஆணிகளால் தைத்திருக்கிறார்கள். இரண்டு சட்டங்களுக்கு நடுவே தகடு சற்றே குழிந்து நிற்கிறது. ரிவெட்டுகள் வரிசை வரிசையாக, பாவு நூலைப் போல நேராக ஓடுகின்றன. நடுவில் எங்காவது ஒரு தகட்டை மாற்றியிருந்தால் அந்த இடத்தில் வரிசை மாறுகிறது, பெயிண்டின் நிறமும் சற்று வேறுபடுகிறது. நான் நெசவு வீட்டில் வளர்ந்தவன் என்பதால், இழை ஒட்டிய இடத்தைக் கண் தானாகவே தேடுகிறது. ஒரு விமானம் எத்தனை முறை பழுது பார்க்கப்பட்டது, எத்தனை பேரின் கை பட்டது என்பதையெல்லாம் அந்தத் தோல்தான் காட்டும். இந்த ஒளி வெயில் ஏறினால் மறைந்துவிடும். ஒன்பது மணிக்கு மேல் அதே இடம் தட்டையாகத் தெரியும். இரவில் அங்குள்ள விளக்குகள் கீழிருந்து மேலாக விழுமானால் அப்போதும் இந்த அலைகள் சில நேரம் தெரியும்.

கீழே சக்கரங்களையும் தவறவிடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு சக்கரங்கள் கொண்ட தொகுதி இருக்கிறது. பறக்கும்போது அது இறக்கையின் பின்னால் நீண்டிருக்கும் கூட்டுக்குள் மடங்கிக்கொள்ளும். முழங்காலிட்டு, சக்கரம் முன்னாலும் அந்தக் கூடு மேலேயும் வரும்படி எடுத்தால், எது எங்கே மடங்கும் என்பதைப் பார்ப்பவரே ஊகித்துக்கொள்வார். 18-இல், எஃப்/8-இல், இரண்டரை மீட்டருக்கு ஃபோகஸ் செய்துவிட்டால் அருகில் இருக்கும் டயர் முதல் தூரத்து வால் வரை எல்லாம் தெளிவாக இருக்கும்.

விமானத்தைத் தாங்கும் தூண்களையும், சுற்றியிருக்கும் வேலியையும் படத்திலிருந்து நீக்கி, அது பறப்பதைப் போலக் காட்டுவது சிலருக்குப் பிடிக்கும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. புரொப்பெல்லர் அசையாமல் நிற்கும் ஒரு விமானத்தை வானத்தில் ஒட்டவைத்தால் அது பொய்யாகத்தான் தெரியும். முப்பதாண்டுகளுக்கு அருகில் உழைத்துவிட்டுக் கடற்காற்றில் நின்றுகொண்டிருக்கிறது என்பதே உண்மை. அந்த நிற்றலையே எடுங்கள். குப்பைத்தொட்டி, பளிச்சென்ற விளம்பரத் தட்டி போன்றவை குறுக்கே வந்தால் இடம் மாறி நின்று தவிர்க்கலாம். தாங்கும் தூணை மறைக்க வேண்டாம்.

மாலையில் நிலைமை தலைகீழாகிவிடும். சூரியன் நிலப்பக்கத்தில் இறங்குவதால், சாலையிலிருந்து பார்க்கும்போது விமானம் எதிரொளியில் இருக்கும். அதைக் குறையாக நினைக்காமல் நிழலுருவமாக எடுத்துவிடுங்கள். வானத்தை மட்டும் மீட்டர் செய்து, பின்னுக்குச் சாய்ந்த இறக்கைகளும் எட்டிதழ்ப் புரொப்பெல்லர்களும் ஒன்றையொன்று மறைக்காமல் தனித்தனியாகத் தெரியும் இடத்தைத் தேடுங்கள். சூரியன் மறைந்து இருபது நிமிடங்களில் வானம் கருநீலமாகும். அதன் பிறகு ஒரு பத்து நிமிடங்களுக்கு விளக்கொளியும் வானமும் சமமாக இருக்கும். அப்போது காமிராவைச் சுவரின் மீதோ பையின் மீதோ வைத்து, இரண்டு நொடி டைமரில் எடுங்கள். ஷட்டர் ஒரு நொடி, இரண்டு நொடி என்று நீண்டாலும் படம் ஆடாது. டிரைபாட் கொண்டு சென்றால் உள்ளே அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். திறக்கும் நேரத்தையும், விடுமுறை நாளையும் அப்படியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

உட்புறப் படங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இடம் குறுகல், கூட்டம் அதிகம். பிளாஷ் போட்டால் கருவிகளின் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி விழும். ஐஎஸ்ஓவை 1600 வரை உயர்த்தி, முழங்கையை விலாவோடு அழுத்திப் பிடித்து எடுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருள்களுக்கு லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டவைத்தால் பிரதிபலிப்பு வராது. நீர்மூழ்கியின் ஓசையைக் கேட்பதற்காகக் கடலில் போடப்படும் சோனோபாய் எதையாவது காட்சிக்கு வைத்திருந்தால், அதையும் ஒரு படம் எடுத்துவையுங்கள். இந்த விமானம் இருந்ததே அந்தக் குழாய்களைச் சுமந்து சென்று கடலைக் கேட்பதற்காகத்தான்.

கைபேசியும் கையில் இருக்கிறது என்றீர்கள். அதன் முதன்மைக் காமிரா பெரும்பாலும் அகலக் கோணத்தில்தான் இருக்கும். எனவே அருகில் நின்று முழு விமானத்தை எடுக்கும் தவறு அதில்தான் எளிதாக நேரும். பின்னால் நடந்து, இரண்டு மடங்கு ஜூமில் வைத்து எடுங்கள். பனோரமாவைத் தவிர்த்துவிடுங்கள், அருகில் இருக்கும் புரொப்பெல்லர் இதழ்கள் தையல் விழும் இடத்தில் உடைந்து வரும்.

கடலோரத்துக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. குளிரூட்டிய அறையிலிருந்து காமிராவை நேராக வெளியே கொண்டுவந்தால் லென்ஸில் ஆவி படிந்து, துடைக்கத் துடைக்க மறுபடி படியும். அந்த அரை மணி நேரப் பொன்னொளி அதிலேயே போய்விடும். இரவே காமிராவைப் பையில் போட்டு மூடி, குளிர்பதனம் இல்லாத இடத்தில் வைத்துவிடுங்கள். உப்புக்காற்று லென்ஸின் மீது மெல்லிய படலமாகப் படியும். மென்துணியை நீரில் இலேசாக நனைத்துத் துடைத்த பிறகே உலர்ந்த துணியால் துடையுங்கள், இல்லாவிட்டால் உப்புத் துகள் கண்ணாடியைக் கீறும்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். விசாகப்பட்டினம் கடற்படையின் கிழக்குப் பிராந்தியத் தலைமையகம். டிரோன் எதையும் எடுத்துச் செல்ல வேண்டாம். அதேபோல, ஊருக்குத் திரும்பும் வழியில் அரக்கோணம் தளத்தின் வேலியோரம் நின்று இப்போது பறக்கும் விமானங்களைப் படமெடுக்கலாமே என்ற ஆசை வரும். வேண்டாம். தடைசெய்யப்பட்ட இடங்களைப் படமெடுப்பது 1923-ஆம் ஆண்டின் அலுவல் இரகசியச் சட்டத்தின்படி குற்றம். அருங்காட்சியகத்தில் வைத்திருப்பதை மட்டும் எடுங்கள்.

இரண்டாம் முறை நான் சென்றபோது பெரியப்பாவையும் ரேணிகுண்டாவில் ரயிலேற்றி அழைத்துச் சென்றேன். அவர் வெகுநேரம் எதுவும் பேசாமல் என்ஜினுக்குக் கீழே நின்று, வாசலில் நிற்பதைப் போலவே கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு புரொப்பெல்லரை அண்ணாந்து பார்த்தார். பக்கவாட்டு ஒளியில் இதழ்களின் இரண்டு முறுக்கும் பிரிந்து தெரிய, கீழே சிறியதாக அவர் நிற்கும் அந்தப் படம் ஒன்றுதான் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் அந்த முழக்கத்தைக் கேட்டு வளர்ந்த பெரியவர்கள் யாராவது இருந்தால், டிசம்பரில் அவர்களுக்கும் சேர்த்து டிக்கெட் எடுங்கள். எடுத்த படங்களைக் காமிராவின் சிறிய திரையில் பார்த்து அங்கேயே அழித்துவிடாதீர்கள். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்த்த பிறகு, வெள்ளை வானத்தோடு வந்த ஒன்றிரண்டையும் எனக்கு அனுப்புங்கள், எங்கே நின்றிருக்கலாம் என்று சொல்கிறேன்.